காலிக்கு ரயிலில் போவோம்: நம் ஊர் மூத்தோர் சுற்றுலாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் மூத்தோரை ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் அழைத்துப்போகும் குழுவின் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், செயலவையினர் எல்லாருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து உங்களில் ஒருத்தியின் வணக்கம்.

வரும் பிப்ரவரியில் போகவிருக்கும் இலங்கைப் பயணத்தின் நிகழ்ச்சி நிரல் போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆறு நாள், ஐந்து இரவு. கோயில்கள், கண்டி, நுவரெலியா எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. நான்காம் நாளுக்கு வந்தபோதுதான் மனசு நின்றுவிட்டது. "காலை பசியாறிய பின் குளிர்சாதனப் பேருந்தில் விரைவுச்சாலை வழியாகக் காலி. மாலை கொழும்பு திரும்பி, ஷாப்பிங்." இந்த ஒரு வரியை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல். கொழும்பிலிருந்து, தெற்கே கடலோரக் கோட்டை நகரமான காலிக்குப் போகும்போது மட்டும் எல்லாரையும் ரயிலில் ஏற்றுங்கள். திரும்பும்போது பேருந்திலேயே வருவோம்.

இதைத் தலைவருக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். போன ஆண்டுக் கூட்டத்தில் வாயால் சொல்லியும் பார்த்தேன். சாப்பாட்டுப் பேச்சு எழுந்ததும் என் பேச்சு அமுங்கிவிட்டது. அதோடு, காசு கட்டிப் போகிறவர்கள் பெரியவர்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும், கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டட்டும் என்றுதான் எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குழு இல்லையென்றால் நம் ஊரில் பாதிப் பேர் கடவுச்சீட்டே எடுத்திருக்க மாட்டார்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ஓய்வுபெற்ற பிறகு தாமான் குடியிருப்பில் பிள்ளை வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி விமானத்தில் ஏற்றியவர்கள் நீங்கள். சக்கர நாற்காலி, மாத்திரை டப்பா, சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சாப்பாடு என்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்வதை நான் கூடவே இருந்து பார்த்தவள். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்.

போன ஆண்டு நானும் என் பெரியம்மாவும் உங்களோடு வந்தோம். பெரியம்மாவுக்கு 78 வயது. நாற்பத்தொரு வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போன தலைமுறை. அன்று காலை கொழும்பிலிருந்து கிளம்பிய பேருந்து நேராக விரைவுச்சாலையில் ஏறியது. நல்ல சாலைதான். இலங்கையின் முதல் விரைவுச்சாலை அது. 2011-இல் காலி வரைக்கும் திறந்தார்கள். முன்பு மூன்று மணி நேரம் எடுத்த தூரத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. ஆனால் அது கடலோரமாகப் போகும் சாலை கிடையாது. உள்நாட்டில், வயலும் மேடும் தோட்டமும் வெட்டிப் போட்ட பாதை. பெரியம்மா வண்டி ஏறியதும் தூங்கிவிட்டார். நடுவழியில் கண்ணைத் திறந்து திரையை ஒதுக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தட்டினார்.

"இது எந்தத் தோட்டம்டி?"

"தோட்டமில்ல பெரியம்மா, சிலோன்."

"அப்புறம் ஏன் பால்மரமா நிக்குது?"

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அவர் திரையை மூடிக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டார். வாழ்க்கை முழுக்க எந்த மரத்தைப் பார்த்தாரோ அதே மரத்தைக் காட்ட அவரைக் கடல் கடந்து கூட்டிப் போயிருக்கிறோம். காலியில் இறங்கியபோது உச்சி வெயில். கோட்டை மதிலில் ஏற முடியாமல் பாதிப் பேர் பேருந்துக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். படம் எடுத்தோம், இளநீர் குடித்தோம், வந்த வழியே திரும்பினோம். கடல்? கோட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஏறியவர்கள் பார்த்தார்கள்.

நீங்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் கொழும்பில் தங்கினோம். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் தங்கினோம். என் மருமகளின் உறவினர் வீடு வெள்ளவத்தையில் இருக்கிறது. அந்த வீட்டு அம்மா, "காலிக்குப் போனீங்களே, கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டார். பெரியம்மா, "கடல் எங்க பாத்தோம்?" என்றார். அந்த அம்மா திகைத்துப் போய்விட்டார். மறுநாள் காலையே எங்களைக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்.

நான் இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கொழும்புக் கோட்டை நிலையத்தின் வாசலில் ஆல்காட் என்பவரின் சிலை நிற்கிறது. கூட்டமாகப் போகிறவர்கள் ஒன்றுகூட நல்ல அடையாளம், குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்புச் சீட்டு எடுத்தோம். ஆளுக்கு நம் காசில் பத்து வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. "போகும்போது வலது பக்கம் உட்காருங்கோ, திரும்பும்போது இடது பக்கம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ரயில் தெற்கே போகிறது, கடல் மேற்கே இருக்கிறது. இடது பக்கம் உட்கார்ந்தால் வீட்டுக் கொல்லைப்புறங்களைத்தான் பார்க்கலாம். அதுவும் அழகுதான், ஆனாலும் முதல் தடவை போகிறவர்களுக்கு வலது பக்கம்தான் வேண்டும்.

ரயில் கிளம்பியதும் கொம்பனித்தெரு, பேரை வாவி என்று நகரத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஊர்ந்தது. கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது, யாரோ கதவைத் திறந்த மாதிரி, வலது பக்கம் மொத்தமும் கடலாகிவிட்டது. அங்கே தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கடையோ சாலையோ ஒன்றும் கிடையாது. கருங்கல் குவித்த அணை மட்டும்தான். அலை அந்தக் கல்லில் மோதிச் சிதறுகிறது. சன்னல் திறந்தே இருக்கிறது. நம் ஊர் இடிஎஸ் விரைவு ரயில் மாதிரி அடைத்த கண்ணாடி இல்லை. ஒரு சிதறல் உள்ளே வந்து பெரியம்மாவின் முன்கையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார்.

78 வயதில் ஒரு மனுஷி கடல் தண்ணீரைத் தொட்டு ருசி பார்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் பேருந்தில் இதற்கு இடமில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் தூங்கவே இல்லை. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை. ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப் பலகை சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் இருக்கிறது. பெரியம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். நம் ஊரில் மருத்துவமனைக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் மலாய்ப் பலகையைப் பார்த்து, "என்னடி எழுதியிருக்கு?" என்று யாரையாவது கேட்டுத்தான் நடப்பார். அங்கே கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொரு பலகையையும் அவரே எழுத்துக் கூட்டினார். "மொ... றட்... டுவை." "பா... ணந்... துறை." நிற்காமல் வேகமாகத் தாண்டிப் போன நிலையங்களில் பாதி எழுத்துதான் கிடைக்கும். அதற்கு ரயில் மேல் கோபப்பட்டார். எதிரே இருந்த ஒரு பையன் அடுத்து வரப்போகும் ஊரை முன்கூட்டியே சொல்லித்தர ஆரம்பித்தான். சிங்களப் பையன். அவன் சொல்ல இவர் சொல்ல, அம்பலாங்கொடை வரைக்கும் அது நடந்தது.

நம் பேராக்கிலும் இப்படி ஒரு பலகை உண்டு என்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டது. எட்டு மைல் தூரம், ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்காக. இப்போது அந்த ஊருக்குக் கோல செப்பெத்தாங் என்று பெயர். தண்டவாளம் போய்விட்டது. பழைய நிலையப் பலகை மட்டும் நான்கு எழுத்துகளில், தமிழும் சேர்த்து, நிற்கிறது. இறால் சாப்பிடப் போகும்போது அதைப் படம் எடுத்திருக்கிறோம். இலங்கையில் அப்படிப்பட்ட பலகைகள் இன்றும் வேலையில் இருக்கின்றன. இறங்க வேண்டியவர்கள் அதைப் படித்துத்தான் இறங்குகிறார்கள். நாம் ஸ்தேசன் என்று சொல்வதை அங்கே புகையிரத நிலையம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பெரியம்மா வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

களுத்துறைக்கு முன்னால் ரயில் களு கங்கையைக் கடக்கிறது. ஆறு நல்ல அகலம். பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறுகிறது. அந்தக் கரையில் பெரிய வெள்ளைப் பௌத்தத் தாதுகோபுரம் தெரிந்தது. எதிர் இருக்கையில் இருந்த சிங்களப் பாட்டி கைகூப்பினார். பெரியம்மாவும் கும்பிட்டார். "என்ன சாமி?" என்று என்னிடம் கேட்கவில்லை. பாட்டி தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார், இவர் நம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அப்புறம் பேருவளை, அளுத்கமை, பெந்தோட்டை. தென்னந்தோப்பு கொஞ்ச நேரம் கடலை மறைக்கும், திடீரென்று விலகிக் காட்டும், மறுபடி மறைக்கும். மீன்பிடித் தோணிகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். இறால் வடை விற்கிறவர் கூடையோடு ஏறி, இரண்டு நிலையம் தாண்டி இறங்கினார். வறுத்த கடலையைப் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளில் சுருட்டித் தந்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாள். எழுபத்திரண்டு மதிப்பெண். அதைத் தூக்கிப் போட மனசு வராமல் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இக்கடுவைக்கு முன்னால் ஓர் இடத்தில் ரயில் வேகம் குறைந்தது. பாதையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் கடப்பாரையோடு கடல் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர், ஒரு காலைக் கல்லின் மேல் ஊன்றி, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி எங்கள் பெட்டியைப் பார்த்தார். பெரியம்மா என் கையைப் பிடித்தார். "உங்கப்பா மாதிரியே நிக்கிறான் பாரு."

என் அப்பா ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் வேலை செய்தவர் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் இடைப்பட்ட கம்பிச் சடக்கில் சிலிப்பர் கட்டை மாற்றி, சரளைக்கல் இடித்து, தளர்ந்த ஆணியை அடித்து இறுக்கியவர். வடக்கே போகும் ரயில் வரும்போது ஒதுங்கி நிற்பார். ஆயிரக்கணக்கான ரயில்கள் அவரைத் தாண்டிப் போயிருக்கும். அவர் ஏறிப் போனது எத்தனை தடவை என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். இலங்கைக் கரையோரப் பாதையைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான். அந்தக் காலத்தில் மலாயா ரயில்வேயில் நிலைய அதிகாரிகள் நிறையப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்படி ஒரு 'சிலோன் மாஸ்டர்', வேலை ஓய்ந்த நேரத்தில் தன் நாட்டு ரயில் கடலை உரசிக்கொண்டு ஓடுவதைப் பற்றிச் சொல்வாராம். அப்பா வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்வார். "உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சிருமே, எப்படித்தான் காப்பாத்துறானுங்களோ" என்று ஒவ்வொரு தடவையும் முடிப்பார். அவருடைய கவலை அது.

கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. உப்புக் காற்று கம்பியையும் ஆணியையும் அரிக்கும். அலை, பாதைக்கு அடியில் இருக்கும் மண்ணையே தின்னும். அதற்குத்தான் அந்தக் கருங்கல் அணை. பாதை 1894-இல் காலியை எட்டியது, அடுத்த ஆண்டு மாத்தறையை. கொழும்பிலிருந்து காலி வரைக்கும் ஏறக்குறைய 116 கிலோமீட்டர். நம் நாட்டு கேடிஎம் ரயிலுக்கு இரண்டு கம்பிக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலம், அங்கே 1,676 மில்லிமீட்டர். அப்பா கூட வந்திருந்தால் கடலைப் பார்க்குமுன் குனிந்து இதைத்தான் பார்த்திருப்பார்.

இப்போது பெரலியவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஆண்டு நான் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தபோது செயலவையில் ஒருவர், "அந்தப் பாதையிலதான அம்மா அந்த ரயில் போச்சு? வயசானவங்களை எதுக்கு அங்க?" என்றார். அவர் கேட்டது அக்கறையில்தான். அதனால் முழுசாகவே பதில் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி, இலங்கையில் போயா விடுமுறை. கிறிஸ்துமஸுக்கு மறுநாளும்கூட. கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன ரயில் நிரம்பி வழிந்தது. காலை ஒன்பதரை மணி வாக்கில் இக்கடுவைக்கு முன்னால், தெல்வத்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரலிய கிராமத்தில், சுனாமியின் முதல் அலை வந்து ரயிலை நிறுத்தியது. சுற்றியிருந்த கிராமத்தார் ஓடி வந்து ரயிலில் ஏறினார்கள். இவ்வளவு கனமான இரும்பு நம்மைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பிள்ளைகளைக் கூரை மேல் தூக்கி விட்டார்கள். அடுத்து வந்த அலை பெரியது. அது பெட்டிகளைத் தூக்கி மரங்களிலும் வீடுகளிலும் அடித்தது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது கணக்கு. உலகத்தில் ரயில் விபத்து எதிலும் இத்தனை உயிர் போனதில்லை.

நமக்கும் அந்த நாள் தெரியும். அதே கடல்தான் பினாங்கிலும் கெடாவிலும் ஏறியது. நம் நாட்டில் 68 பேர் போனார்கள். அன்று பினாங்குக் கடற்கரைக்குப் போன பிள்ளைகளைத் தேடி நம் ஊரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். நான் வானொலியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ரயிலை இழுத்துப் போன 591-ஆம் எண் இயந்திரத்துக்கு மனிடோபா என்று பெயர். கனடா கொடுத்த இயந்திரம். அதைச் சேற்றிலிருந்து எடுத்துப் பழுதுபார்த்து மறுபடியும் ஓட்டுகிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அது பெரலியவுக்கு வருகிறது. கடல் பிய்த்தெறிந்த பாதையை இரண்டே மாதத்தில் திரும்பப் போட்டு ரயில் விட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நாங்கள் தாண்டிப் போன அந்தக் கடப்பாரை ஆட்கள்தான். பாதையைத் திரும்பப் போட்டது அவர்கள் மாதிரிக் கைகள்தானே.

பெரியவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் ஊரில், ஜப்பான்காரன் காலத்தில் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஆள் போகாத குடும்பங்களை எண்ணுவது சுலபம். 415 கிலோமீட்டர் பாதை, 1943-இல் முடித்தார்கள். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோன நம் ஆட்கள் எத்தனை பேர் காட்டிலேயே முடிந்தார்கள். என் தாத்தாவின் தம்பி போனவர், வரவில்லை. சமாதி கிடையாது, தேதி கிடையாது. ஆடி அமாவாசைக்குத் தாத்தா ஓர் இலை கூடுதலாகப் போடுவார், அவ்வளவுதான். தண்டவாளத்தோரம் செத்தவர்களுக்காகக் கும்பிடுவது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த காரியம். பெரலிய நினைவிடம் காலி வீதியை ஒட்டியே இருக்கிறது. ஜப்பானியர் உதவியில் எழுந்த உயரமான புத்தர் சிலை ஒன்றும் அங்கே நிற்கிறது. திரும்பி வரும்போது பேருந்தை விரைவுச்சாலையில் விடாமல் கடலோரச் சாலையில் விட்டால் வழியிலேயே நிறுத்தலாம். கால் மணி நேரம் போதும். இறங்க முடியாதவர்கள் பேருந்திலிருந்தே கும்பிடட்டும். நாங்கள் ரயிலில் அந்த இடத்தைத் தாண்டியபோது பெரியம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையில் மிச்சமிருந்த முறுக்கில் ஒன்றை எடுத்துச் சன்னல் வழியாகப் போட்டார். அவருக்குத் தெரிந்த படையல்.

மற்ற சங்கடங்களுக்கு வருகிறேன். ரயிலில் ஏறும் படி உயரம், உண்மைதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். உங்கள் தொண்டர் பிள்ளைகள் ஆறு பேர் வருகிறார்களே, போதும். கூட்டத்துக்கு வழி இருக்கிறது: வார நாளில் காலையில் போங்கள். அந்த நேரத்தில் அலுவலகக் கூட்டம் கொழும்பை நோக்கித்தான் வரும், நாம் கொழும்பை விட்டுப் போகிறோம். இருக்கையை முன்பதிவு செய்ய முடிகிற ரயில்களும் உண்டு. முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே பெட்டியில் வேண்டும் என்று பயண முகவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வலது பக்கம் என்று மறக்காமல் சொல்லுங்கள். எல்லாருக்கும் வலது பக்கம் கிடைக்காது. அளுத்கமையில் இடம் மாறிக்கொள்ளலாம், நானே எழுந்து முதலில் மாறுகிறேன். பெட்டி படுக்கைகள் பேருந்திலேயே போகட்டும், ஓட்டுநர் காலி நிலையத்தில் வந்து நின்றால் சரி. கழிவறை இருக்கிறது, நம் வீட்டுக் கழிவறை மாதிரி இருக்காது. கிளம்புமுன் விடுதியிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். சீக்கிரம் எழ வேண்டுமே என்பவர்களுக்கு ஒரு விஷயம்: நம் கடிகாரத்துக்கு அவர்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ஆறு மணிக்கு எழுகிறவர் அங்கே மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டு காப்பிக்கு ஆள் தேடுவார். போன ஆண்டு விடுதி நடைபாதையில் பார்த்தோமே.

நேரம் போகிறது என்பதுதான் உங்கள் பெரிய கவலை. ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அந்த நாளின் மாலை ஷாப்பிங்கை எடுத்துவிடுங்கள். அங்கே விற்கிற சட்டை ஈப்போவிலும் கிடைக்கும். பருவமும் நமக்குத் தோதாக இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். நீங்கள் குறித்திருக்கும் பிப்ரவரியில் கடல் அமைதியாக, நீலமாக இருக்கும்.

இன்னொன்று. மூன்றாம் நாள் கொழும்பில் மதியம் ஓய்வு என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு மணி நேரத்தைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் காலிப் பயணம் இன்னும் நிறைவாக இருக்கும். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் 1409-ஆம் ஆண்டுக் கல் என்று சொல்வார்கள். மலாக்காவுக்கு வந்தவர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களே, அதே செங் ஹோ. ஒரே கல்லில் சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் 1911-இல் கிடைத்த ஊர் காலி. தேனாவரை இன்னும் தெற்கே, மாத்தறைக்குப் பக்கத்தில். சீனரும் மலாய்க்காரரும் நாமுமாக ஒரே சாலையில் வீடு கட்டி வாழ்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கல்லை விளக்கிச் சொல்ல வழிகாட்டி தேவைப்பட மாட்டார். எழுத்து தேய்ந்திருக்கிறது. பெரியம்மாவை மறுபடி கூட்டிப்போய் எழுத்துக் கூட்டச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டி முடிகிறது. மாத்தறைக்குப் போகிற ரயில் அங்கே இயந்திரத்தைப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு வந்த திசையிலேயே கிளம்பித் திரும்பும். பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. "திரும்பவும் கொழும்புக்கா போறான்? அப்ப ஏறிக்கலாம்" என்று நடைமேடையிலேயே நின்றுவிட்டார். கோட்டையைப் பார்க்கலாம் என்று இழுத்துப் பார்த்தேன். "கோட்டையைத்தான் அன்னிக்கே பாத்தாச்சே" என்றார். நிலையத்திலேயே ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த கொழும்பு ரயிலில் ஏறினோம். இந்தத் தடவை இடது பக்கம்.

செயலவைக் கூட்டம் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் என்று அறிவித்திருக்கிறீர்கள். நான் வருகிறேன். முகவரிடம் பேசுவது, பெயர்ப் பட்டியல் எடுப்பது, யார் யாருக்கு முழங்கால் வலி என்று எழுதி வைப்பது எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிடுங்கள். பேருந்து வாடகை கூடினால் அதைப் பங்கு போட்டுக்கொள்ளப் பெண்கள் பக்கம் பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டேன், சரி என்றார்கள். பெரியம்மாவும் கூட்டத்துக்கு வருவார். கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

இப்படிக்கு,
ரயில்வே லயத்தில் வளர்ந்த உங்கள் சகோதரி
சுங்கை சிப்புட், பேராக்